43 நாள் கழித்து வீடு வந்தேன். கிழவி முகம் கொடுக்கவில்லை

சூலூர் எரெக்டர் | செவ்வாய், இரவு 11:20

நூற்பாலைகளில் ரிங் பிரேம் என்கிற நூல் நூற்கும் இயந்திரத்தைப் பூட்டிக் கொடுப்பது என் வேலை. இந்த முறை ராஜஸ்தான், பில்வாரா. 20 நாளில் முடிந்துவிடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் தளம் மட்டம் இல்லை. அதைச் சரிசெய்வதற்குள் உதிரிபாகப் பெட்டி ஒன்று வழியில் எங்கோ தங்கிவிட்டது. இழுத்து இழுத்து 43 நாளாகிவிட்டது.

வீடு சூலூருக்குத் தெற்கே, சுல்தான்பேட்டை போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற தோட்டத்துச் சாளை. அம்மா, மனைவி, மூன்று வயது மகன், நான்கு மாடு, இரண்டு நாய். ஜிம்மிக்கு ஒன்றரை வயது. செவலைக்குப் பதினொன்று நடக்கிறது, கிழவி என்றது அதைத்தான். காங்கேயம் மாட்டில் செவலை என்போமே, அந்த நிறம்; அப்பா வைத்த பெயர். அப்பா இல்லை, அது இருக்கிறது.

ரயிலில் இரண்டு இரவு. கோவையில் இறங்கி, கிடைத்த வண்டியைப் பிடித்து, சாலையில் இறங்கி இட்டேரிக்குள் நடக்கத் தொடங்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, கையில் இரண்டு பை. பாதி தூரத்திலேயே ஜிம்மி திருடனைப் பார்த்த மாதிரி குரைத்துக்கொண்டு வந்தான். ஒரு தடவைதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அடுத்த நொடி என் மேல் ஏறி, கீழே விழுந்து புரண்டு, என் ஷூவிலேயே மூத்திரம் போய், மறுபடி எழுந்து சாளைக்கும் எனக்கும் நடுவே நாலு முறை ஓடினான். அது சரி, எதிர்பார்த்ததுதான்.

செவலை ஆட்டுக்கல் பக்கத்தில் படுத்திருந்தது. எழுந்தது. தொண்டைக்குள் ஓர் உறுமல். தலையைத் தாழ்த்தி என் பக்கமாக முகர்ந்தது. பிறகு திரும்பி, மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் போய்விட்டது. கூப்பிட்டேன், வரவில்லை. அங்கிருந்து வாங்கி வந்த மில்க் கேக்கில் ஒரு துண்டு நீட்டினேன், வாங்கவில்லை. மறுநாளும் அப்படியே. நான் வாசலில் உட்கார்ந்தால் அது எழுந்து அம்மா காலடிக்குப் போய்விடுகிறது. இன்றோடு மூன்று நாள்.

"இத்தனை நாள் விட்டுவிட்டுப் போனால் அதற்கும் ரோஷம் இருக்காதா" என்கிறார் அம்மா. மனைவி சிரிக்கிறாள். நாய் இவ்வளவு நாள் கோபித்துக்கொண்டு இருக்குமா? உங்கள் வீட்டில் அனுபவம் உண்டா?

---

ஈரோட்டுப் பெங்களூர்வாசி | செவ்வாய், இரவு 11:48

உண்டு, ஆனால் மூன்று நாள் எல்லாம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறேன். வந்ததும் எங்கள் நாய் ஐந்து நிமிடம் முதுகைக் காட்டி உட்காரும். பிறகு தானாகவே வந்து என் மடியில் தலையை வைக்கும். ஞாயிறு மாலை நான் பையை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அந்த நீலப் பையைக் கண்டாலே அதற்கு ஆகாது. ஒருமுறை வேறு பையில் துணி வைத்துப் பார்த்தேன். ஏமாறவில்லை.

---

சங்ககிரி லாரி வீடு | புதன், காலை 6:15

தம்பி, உங்கள் பதிவைப் படித்து எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். குவாஹாட்டி லோடு ஏறினால் திரும்பிவர 20, 25 நாள். எங்களிடம் இருப்பது நாட்டு நாய், பெயர் மணி. இவர் வண்டி மேட்டில் கியர் மாற்றும்போதே அவனுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி போகிறது என்று சங்ககிரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி சத்தம்தான் எனக்கு. அவனுக்கு அப்படி இல்லை. காது நிமிரும், கேட்டுக்குப் போய் நிற்பான். பிறகுதான் நான் அடுப்பில் சோற்றுக்கு இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி போடுவேன்.

வந்ததும் என்ன கூத்து தெரியுமா? இவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளாத குறை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். "பார், பெற்ற பிள்ளைகூட இப்படி ஓடி வராது" என்று இவருக்கு ஒரே பெருமை. அதெல்லாம் அரை மணி நேரம். அதற்கு முந்தைய 25 நாளை யாரும் வந்து பார்ப்பதில்லை.

இவர் போன அன்றும் மறுநாளும் அவன் சோறு தொட மாட்டான். நான் கருவாட்டைச் சுட்டுப் பிசைந்து, கூட உட்கார்ந்து, "சாப்பிடுடா சாமி" என்று கெஞ்ச வேண்டும். ராத்திரி கேட்டுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டு உள்ளே வர மறுப்பான். மழை பெய்தாலும் அங்கேதான். சாக்கை எடுத்துப் போய்ப் போர்த்திவிட்டு வருவேன். உண்ணி எடுப்பது நான், ஊசி போடக் கூட்டிப் போவது நான், முற்றத்தில் அள்ளிப் போடுவது நான். என்னைப் பார்த்து அவன் ஒரு நாளும் குதித்ததில்லை. எதற்குக் குதிக்க வேண்டும்? நான்தான் எங்கும் போவதில்லையே.

உங்கள் செவலை அம்மா காலடிக்குப் போகிறது என்கிறீர்கள். 43 நாள் யார் காலடியில் இருந்ததோ அங்கேதானே போகும். அதைக் கோபம் என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்?

---

பட்டிக்காரன் | புதன், காலை 9:02

எனக்கு வெள்ளகோவில் பக்கம். 60 மேச்சேரி ஆடு வைத்திருந்தேன். இப்போது 41.

எல்லோரும் நாய்ப் பாசம் பேசுகிறீர்கள், பேசுங்கள். எங்கள் ஊரில் ஆடுகள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்திலேயே பட்டியில் அடைந்து கிடக்கும். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் உள்ள காடு, உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் இரவில் காவலுக்கு ஆள்கூட இருக்காது, ஒரு பட்டி நாய் போதும். இப்போது நாய்க் கூட்டம் வேலி தாண்டி வருகிறது. தின்பதற்காகக் கடிப்பதில்லை. ஆடு மிரண்டு ஓட ஓட, அதுவும் விரட்டிக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. விடிந்து போய்ப் பார்த்தால் வரிசையாகக் கிடக்கும். வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் பக்கம் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு உட்கார்ந்து இழப்பீடு கேட்டோம். செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

சொல்ல வந்தது இதுதான். அந்தக் கூட்டத்தில் வருகிறவை எல்லாம் தெருநாய் இல்லை. என் பட்டியில் நான் பார்த்த ஒன்றின் கழுத்தில் பட்டை இருந்தது, சிவப்புப் பட்டை. யாரோ ஒருவர் "என் செல்லம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிற நாய் அது. வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத நாளில் ராத்திரி அவிழ்த்து விடுவார்கள், காவலுக்கு என்று. அது காவலா இருக்கிறது? ஊர் சுற்றப் போகிறது. நாலு நாயோடு சேர்ந்தால் எந்த நாயும் வேறு நாய்தான்.

தம்பி, உங்கள் ஜிம்மி ராத்திரியில் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியுமா?

---

நொய்யல் கரை | புதன், காலை 10:30

பட்டிக்காரர் சொல்வது முழுக்க நியாயம். ஆனால் பட்டியைக் காத்ததும் நாய்தான் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. ஒரு வீரன் இறந்துபடுகிறான். அவனுடைய நாய் இரண்டு திருடர்களைக் கடித்து, காத்து நின்றது. கல்லில் அவன் உருவத்தோடு நாயின் உருவத்தையும் வெட்டி, நாயின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்: கோவிவன். நம் பக்கத்து ஊர் இல்லைதான், ஆனாலும் 1,400 வருடத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்தக் காலத்து மனிதர்களில் எத்தனை பேர் பெயர் தெரியும்?

---

பட்டிக்காரன் | புதன், காலை 10:41

கோவிவனை நானும் கும்பிடுகிறேன். சிவப்புப் பட்டைக்காரனுக்கு யாராவது கல் வைப்பதாக இருந்தால் சொல்லுங்கள், நான் 19 ஆட்டுக்குச் சேர்த்து வைக்கிறேன்.

---

மட்டுறுத்துநர் | புதன், மதியம் 1:15

தெருநாய்கள் பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொட்டு வந்த 14 பதில்களை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே சண்டை போடுங்கள். இங்கே செவலை.

---

சூலூர் எரெக்டர் | புதன், இரவு 9:10

லாரி வீட்டு அக்கா, நீங்கள் எழுதியதை என் மனைவி இரண்டு முறை படித்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். புரிந்தது.

பட்டிக்காரர் அண்ணா, உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். தெரியவில்லை. நான் ஊரில் இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு ஜிம்மியைச் சங்கிலியில் போடுவேன். இல்லாத நாளில் அவிழ்த்தே விட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டேன். விடிகாலையில் பால் கறக்க எழும்போது சில நாள் ஆளைக் காணோம் என்றும், ஒரு நாள் உடம்பெல்லாம் பனியில் நனைந்து, நாயுருவி ஒட்டிக்கொண்டு வந்தான் என்றும் சொன்னார். வாயில் ரத்தம் கித்தம் இருந்ததா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு கேட்டேன். இல்லை என்றார். எங்கள் சுற்றுவட்டத்தில் ஆடு கடிபட்ட பேச்சும் இல்லை. ஆனாலும் அன்று இரவு அவன் என் மேல் ஏறி விழுந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது. கம்பி வலை போட்டு ஒரு கூண்டு கட்ட ஆள் சொல்லிவிட்டேன்.

செவலை இன்றும் பக்கத்தில் வரவில்லை.

---

ரிக் வண்டி | வியாழன், அதிகாலை 2:40

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். ஊர் திருச்செங்கோடு. ரிக்கில் டிரில்லராக இருக்கிறேன். எங்கள் ஊர் வண்டிகள் எங்கே எல்லாம் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் சத்தீஸ்கரில், ராய்ப்பூர் பக்கம். போனால் ஐந்து மாதம், ஆறு மாதம். அங்கே மழை பிடித்தால் வேலை படுத்துவிடும், அப்போதுதான் ஊர்.

வீட்டில் கருப்பன் என்று ஒருவன் இருந்தான். வாரம் ஒருமுறை வீடியோவில் பேசும்போது முதலில் மகள், பிறகு அவன். திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து ஈரமாக்கிவிடுவான். இந்த முறை இரண்டு மாதம் போனபிறகு, அவனைக் காட்டச் சொன்னால் மனைவி போனைக் கட்டுத்தரைப் பக்கம் திருப்புவாள். இருட்டாக இருக்கும். "தூங்குகிறான்" என்பாள். இன்னொரு நாள் "தோட்டத்துக்குப் போயிருக்கிறான்." எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மகள் மட்டும் போனுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். படிக்கிறாள், குளிக்கிறாள் என்று ஏதாவது சொல்வார்கள். பள்ளிப் பிள்ளை, பாடம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறக்கும் முன்பு ஊருக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவனுக்கு நூறு ரூபாய்க்கு ஈரல் வாங்கிக்கொண்டேன். வாசலில் நின்று விசில் அடித்தேன். மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "சொல்லக்கூடாது என்றார்கள் அப்பா" என்றாள். பாம்பு கடித்திருக்கிறது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில். மூன்றரை மாதம் ஆகியிருந்தது.

மனைவியோடு பத்து நாள் பேசவில்லை. அவன் செத்ததைவிட, அந்த இருட்டைக் காட்டிக் காட்டி என்னை ஏமாற்றியது தாங்கவில்லை. நான் அந்த இருட்டைப் பார்த்துத்தானே "டேய் கருப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எரெக்டர் தம்பி, உங்களுடையது முகம் கொடுக்கவில்லை என்கிறீர்கள். திருப்பிக்கொள்ள முகம் இருக்கிறதே, அதைப் பாருங்கள்.

---

ஈரோட்டுப் பெங்களூர்வாசி | வியாழன், காலை 8:20

ரிக் அண்ணா, படித்துவிட்டு வேலைக்கு உட்கார முடியவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் செய்தது தப்பு என்றே சொல்வேன். அழ வேண்டிய நாளில் அழவிடாமல், மூன்றரை மாதம் கழித்து மொத்தமாக அழவைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் சொல்ல வேண்டிய பொய்யை ஒரு குழந்தை தலையில் வேறு வைத்திருக்கிறார்கள். நான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்: எதுவானாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், நான் நள்ளிரவானாலும் கிளம்பி வந்துவிடுவேன் என்று.

---

சங்ககிரி லாரி வீடு | வியாழன், காலை 11:05

> நள்ளிரவானாலும் கிளம்பி வந்துவிடுவேன்

பெங்களூரிலிருந்து வந்துவிடலாம் தம்பி. ராய்ப்பூரில் ரிக் மேல் நிற்கிறவர் எப்படி வருவார்? ராத்திரி பகல் பாராமல் இருபது அடி ராடை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டிருக்கிற ஆள் அவர். கண் ஒரு நொடி கலங்கினால் போதும், கை போய்விடும். என் வீட்டுக்காரர் மலைப் பாதையில் ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது "உங்கள் அம்மா கீழே விழுந்துவிட்டார்" என்றுகூட நான் சொன்னதில்லை. வண்டியை இறக்கிவிட்டேன் என்று அவர் சொன்னபிறகுதான் சொன்னேன்.

அந்தப் பெண்ணை யாராவது கேட்டீர்களா? அவளும் கருப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவள்தானே. குழி வெட்டிப் புதைத்தது அவள். அதன்பிறகு வாராவாரம் போனை இருட்டுக்குத் திருப்பிக்கொண்டு, குரல் உடையாமல் "தூங்குகிறான்" என்று சொல்வதற்கு எவ்வளவு வேண்டும்? ரிக் தம்பி, அவள் உங்களை ஏமாற்றவில்லை. உங்கள் கையைக் காப்பாற்றினாள். பிள்ளையைச் சேர்த்தது மட்டும் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

---

ரிக் வண்டி | வியாழன், மாலை 7:30

அக்கா சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன். "இத்தனை நாள் கழித்து யாரோ ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது உங்களுக்கு" என்றாள். பிறகு எந்த இடத்தில் புதைத்தாள் என்று காட்டினாள். இதுவரை நான் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முருங்கை மரத்தடி.

பெங்களூர் தம்பி சொல்வதும் பிழை இல்லை. இரண்டுக்கும் நடுவில் எதைச் செய்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

---

கோபி கால்நடைக்காரர் | வியாழன், இரவு 8:55

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று நாளாகப் படிக்கிறேன். எல்லோரும் கோபம், ரோஷம் என்றே பேசுகிறீர்கள். எனக்கு வேறு ஐயம்.

முதலில் பொதுவாக. நாய் நாளை எண்ணுகிறதா என்பதை ஸ்வீடனில் 2011இல் சோதித்தார்கள். 12 வீட்டு நாய்களை அரை மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம் தனியே விட்டு, வளர்ப்பவர் திரும்பும்போது என்ன செய்கின்றன என்று பதிவு செய்தார்கள். அரை மணிக்குப் பிறகு இருந்ததைவிட இரண்டு மணிக்குப் பிறகு வரவேற்பு பலமாக இருந்தது. இரண்டுக்கும் நான்குக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஜப்பானில் 2022இல் வேறொரு சோதனை. பல மணி நேரம் கழித்து வளர்ப்பவரைப் பார்க்கும்போது நாயின் கண்ணில் நீர் கூடுகிறது. பழக்கப்பட்ட வேறு ஆளைப் பார்த்தால் அப்படிக் கூடுவதில்லை. ஆக, பிரிவு அதற்குத் தெரிகிறது, சேர்வதும் தெரிகிறது. ஆனால் மூன்று நாள் கணக்கு வைத்துப் பழி வாங்குவது நாயின் வழக்கமில்லை. அது நம் பங்காளிகளின் வழக்கம்.

நாய்க்கு மூக்கு முதல், பிறகு காது, கண் கடைசி. எரெக்டர் தம்பி, இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். பில்வாராவில் என்ன சோப்பு? துணியில் இயந்திர எண்ணெய் வாடை இருக்கிறதா? செவலை அந்தி நேரத்தில் எதிலாவது முட்டுகிறதா? படி இறங்கத் தயங்குகிறதா? அது பார்க்காதபோது பின்னால் நின்று கைதட்டினால் திரும்புகிறதா? கண்ணின் பாப்பா நீலப் புகையாக இருக்கிறதா, பால் வெள்ளையாக இருக்கிறதா? ஏழெட்டு வயதுக்கு மேல் வரும் நீலப் புகை பெரும்பாலும் வயதின் அடையாளம், பார்வையை அவ்வளவு கெடுக்காது. பால் வெள்ளை என்றால் அது புரை.

இன்னொன்று. ஜிம்மி மூத்திரம் போனதற்குத் திட்ட வேண்டாம். இளம் நாய்க்கு உணர்ச்சி மிகுந்தால் அடக்க முடியாது. வந்தவுடன் நீங்களும் கூச்சல் போடாமல், குனிந்து மேலே கவியாமல், உட்கார்ந்துகொண்டு பக்கவாட்டில் கையை நீட்டுங்கள். வயது ஏற ஏறப் பெரும்பாலும் நின்றுவிடும். சங்ககிரி அம்மணி, கருவாட்டின் உப்பைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிட்டுக் கொடுங்கள். மில்க் கேக் யாருக்கும் வேண்டாம்.

---

சங்ககிரி லாரி வீடு | வியாழன், இரவு 9:12

உப்பை எடுத்தால் அவன் தின்னமாட்டான் ஐயா. பார்க்கிறேன்.

---

சூலூர் எரெக்டர் | சனி, இரவு 10:05

கோபி ஐயாவுக்கு முதலில் நன்றி.

வெள்ளிக்கிழமை காலையில் நீங்கள் சொன்ன மாதிரி செவலை படுத்திருந்தபோது பின்னால் போய்க் கைதட்டினேன். திரும்பவில்லை. பலமாகத் தட்டினேன். ஒரு காது மட்டும் அசைந்தது. அந்தி நேரத்தில் அம்மா நாற்காலியை இடம் மாற்றி வைத்துப் பார்த்தோம். நேரே வந்து முட்டிக்கொண்டது. அம்மா அப்படியே நின்றுவிட்டார். "நான் தினமும் கூடவே இருந்தும் கவனிக்கவில்லையே" என்றார். வீட்டுக்குள் தடம் எல்லாம் அதற்குப் பழக்கம், ஆட்டுக்கல், தண்ணீர்த் தொட்டி, கட்டுத்தரை என்று போகும், வரும். யாருக்குத் தெரியும்?

இன்று கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டிப் பார்க்கலாம், ஆனால் வயதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். காது வயதினால் மந்தம். மற்றபடி நெஞ்சு, வயிறு எல்லாம் நன்றாக இருக்கிறதாம்.

பில்வாராவில் ஒரு பிரேமுக்கு 1,200 கதிர், அதாவது ஸ்பிண்டில். ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணெய் விட வேண்டும். 43 நாள் அந்த எண்ணெயில்தான் என் கை. சட்டை, பை, செருப்பு, தலைமுடி எல்லாம் அந்த வாடை. வந்தபிறகும் அங்கே கொடுத்த அதே வாசனை சோப்பைத்தான், மிச்சம் இருக்கிறதே என்று, போட்டுக் குளித்துக்கொண்டிருந்தேன். என் குரல் அதன் காதில் சரியாக விழவில்லை. முகம் தெரியவில்லை. வாடை வேறு யாருடையதோ. நடுராத்திரியில் ஒரு பெரிய பையோடு வந்த ஆள், அவ்வளவுதான். இத்தனை நாளாக அது வீட்டில் ஒரு அந்நியனைச் சகித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அது கோபம் என்று நினைத்தவரை எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. என்மேல் எவ்வளவு பாசம் இருந்தால் இவ்வளவு ரோஷம் இருக்கும் என்று. இந்த இழையைத் தொடங்கியதே அந்தப் பெருமையில் பாதிதான்.

மருந்தகத்திலிருந்து வந்ததும் சீயக்காய் போட்டுக் குளித்தேன். கட்டுத்தரை ஓலையில் செருகியிருந்த என் பழைய லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு இரண்டு மாட்டுக்குத் தீவனம் போட்டு, சாணி அள்ளி, கை கால் முழுக்கக் கழுவாமல் ஆட்டுக்கல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை. கையை மட்டும் கீழே வைத்தேன்.

நேரம் ஆயிற்று. எழுந்து வந்தது. விரல் விரலாக முகர்ந்தது. மணிக்கட்டு, முழங்கை, லுங்கி முடிச்சு. திரும்பவும் விரல். வால் நுனி மட்டும் ஆடியது, பிறகு இடுப்போடு சேர்ந்து ஆடியது. ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், குட்டியாக இருந்தபோது கொடுத்த குரல். அம்மா உள்ளேயிருந்து என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். இந்த வயதில் அது குதிக்க முடியாது. குதிக்கப் பார்த்தது, பின்னங்கால் தூக்கவில்லை, என் மடியிலேயே சரிந்துவிட்டது.

---

கோபி கால்நடைக்காரர் | சனி, இரவு 10:30

நல்லது. வீட்டில் சாமான்களை இடம் மாற்றாதீர்கள். தண்ணீர்ச் சட்டி எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், பக்கத்தில் தரையைத் தட்டுங்கள். அதிர்வு தெரியும். அடுத்த முறை வெளியூர் போகும்போது நீங்கள் உடுத்திய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அது படுக்கும் சாக்கின் மேல் போட்டுவிட்டுப் போங்கள். வாடை மறக்காமல் இருக்கும்.

---

பட்டிக்காரன் | ஞாயிறு, காலை 7:40

படித்தேன். கூண்டு வேலை முடிந்ததா?

---

சூலூர் எரெக்டர் | ஞாயிறு, காலை 8:15

முடிந்தது அண்ணா. ஆறுக்கு எட்டு அடி, மேலே தகரம், தாழ்ப்பாள் உள்பக்கம் எட்டாத மாதிரி. ஜிம்மி நேற்று ராத்திரி முழுவதும் கத்தினான். அம்மா தாங்க முடியாமல் திறந்துவிடப் போனார், மனைவி விடவில்லை. கிணற்றுக்குச் சுவர் இருக்கிறது ஐயா, பார்த்துவிட்டேன்.

---

சூலூர் எரெக்டர் | அடுத்த மாதம், திங்கள், இரவு 9:50

லூதியானாவிலிருந்து எழுதுகிறேன். இந்த முறை 25 நாள் என்கிறார்கள், பார்க்கலாம். கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் உடுத்திய சட்டையைச் செவலையின் சாக்கில் விரித்துவிட்டு வந்தேன். வேர்வை, சாணி, தீவன வாடை எல்லாம் நன்றாக ஏறிய சட்டை. அது உடனே மூக்கை நுழைத்துப் படுத்துக்கொண்டது. பார்த்துவிட்டு நிம்மதியாக ரயில் ஏறினேன்.

இன்று போன் செய்து, செவலை சட்டைமேல் படுக்கிறதா என்று கேட்டேன். "எந்தச் சட்டை? அந்தச் சாக்கில் கிடந்ததா? எவ்வளவு அழுக்கு, நாயும் படுத்து நாறிக் கிடந்தது. அன்றைக்கே சோடா உப்பில் ஊறவைத்துத் துவைத்து, மடித்து, உன் பீரோவில் வைத்துவிட்டேன்" என்றார் அம்மா.

---

சங்ககிரி லாரி வீடு | திங்கள், இரவு 9:58

உங்கள் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும் தம்பி. லுங்கி கட்டுத்தரையில்தானே இருக்கிறது? அம்மா கண்ணில் படுவதற்குள் அதை எடுத்துப் போடச் சொல்லுங்கள்.